பந்துக்கு முதுகு காட்டி ஓடுவது

சமையலறையில் ஒரு கரண்டி கைதவறி விழுந்தாலும் எனக்கு இன்னும் அந்தச் சத்தம்தான் கேட்கிறது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. பக்கத்து அறையில் யாரோ ஒரு புத்தகத்தை மேசையில் வைத்தது போல இருந்தது. அதற்குப் பிறகு மைதானம் முழுக்க ஒரு அமைதி. மேலே வாத்துக்கள் தெற்கே பறந்துகொண்டிருந்தன. அவை ஒன்றையும் அறியாமல் கத்திக்கொண்டே போனது நன்றாக நினைவிருக்கிறது. கீழே சிவப்பு மண்ணில் என் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் இருந்தாள்.

என் மகள் ஒரு கல்லூரியின் பெண்கள் சொஃப்ட்போல் அணிக்குத் தலைமைக் கோச். மொன்றியலில் எங்கள் ஆட்களிடம் இதை விளங்கப்படுத்துவது சுலபமில்லை. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது ஒரு மச்சாள் எப்போதும் கேட்பாள்.

“பிள்ளை இப்பவும் விளையாடிக்கொண்டோ திரியிறாள்?”

“அவள் விளையாடேல்லை மச்சாள். விளையாட வைக்கிறாள்.”

“அதுக்கும் சம்பளம் குடுக்கினமோ?”

“குடுக்கினம்.”

“அப்ப பறவாயில்லை” என்று சொல்லிவிட்டு, தன் மகனுடைய பல் வைத்தியத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவாள்.

என் மகள் அந்த அணியை எடுத்தபோது அதை எடுக்க வேறு ஆளில்லை. ஒருத்திக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய அளவுக்குத்தான் ஆட்கள் இருந்தார்கள். கல்லூரிக்குப் பக்கத்தில், தெப்பனர் என்று சொல்லும் மூலைக் கடைகளின் கண்ணாடிகளில் “பெண்கள் தேவை” என்று தானே எழுதி ஒட்டினாள். அதை யாரோ பிழையாக விளங்கிக்கொண்டு முறையிட, அடுத்த நாள் ஓடிப்போய்க் கழற்றினாள். உடுப்புத் தோய்க்கக் கல்லூரியில் வசதி இல்லாமல் அணியின் சட்டைகள் முழுவதும் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்டுக்கு வந்தன. சிவப்பு மண் கரைந்த தண்ணீர் இயந்திரக் கண்ணாடிக்குப் பின்னால் சுழல்வதை நான் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். பகலெல்லாம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் நிரப்பிய குழாய்களோடு இருந்துவிட்டு வருகிறவள் நான். ஆனாலும் அந்தச் சிவப்பைப் பார்த்து ஒருநாளும் பயந்ததில்லை. கண் சொருகிக்கொண்டு வரும். அது ஒரு நித்திரையான, நல்ல காலம்.

முதல் வருடம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்றார்கள். வென்ற ஒரே ஆட்டத்துக்கு நான் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்னைக் களைக்க வைத்தது, ஏனென்றால் அவர்கள் வெல்லத் தொடங்கிவிட்டார்கள். மாகாண இறுதியாட்டம், பிறகு மாகாணக் கிண்ணம், மறுபடியும் கிண்ணம். ஆண்டின் சிறந்த கோச் என்று அவளுக்குக் கொடுத்த மரப்பலகை எங்கள் தோய்க்கும் அறையின் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. அங்கே வைத்தது அவள்தான். “உங்கை வைச்சாத்தான் அது வேலை செய்யும்” என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். கனடா முழுவதிலும் இருந்து கல்லூரிகள் வரும் போட்டியின் கிண்ணம். எங்கள் கெபெக் மாகாணத்துக் கல்லூரி ஒன்றும் அதை இன்னும் தூக்கியதில்லை என்று அவள் சொல்வாள்.

இந்த விளையாட்டில் அடித்தவள் பேஸ் என்ற மூன்று தட்டுகளை வரிசையாக மிதித்து, அடித்த இடத்துத் தட்டுக்கே திரும்பி ‘வீடு’ வந்தால் ஒரு ஓட்டம். கோச்சும் வெளியில் இருப்பதில்லை. தன் அணி அடிக்கும்போது மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு பெட்டிக்குள் வந்து நிற்பாள். ஓடுகிற பெண்ணுக்குப் பந்து முதுகுக்குப் பின்னால் இருக்கும். திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். ஆகவே அவள் கோச்சை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுவாள். கோச் கையைச் சுழற்றினால் நிற்காமல் ஓடு. இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினால் நில். உடம்பைத் தாழ்த்தி இரண்டு கைகளையும் நிலத்தை நோக்கி இறக்கினால் சறுக்கி விழு.

என் கணவருக்கு இது பிடிபடவே இல்லை. அவர் ஊரில் கல்லூரி அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர். “கிரிக்கெட்டிலை ஓடுறவன் தானே பாத்து ஓடுவான். இதென்ன, ஆரோ கையைக் காட்ட ஓடுறது?” என்பார்.

“அதாலைதான் அப்பா நீங்கள் ஒவ்வொரு மட்சும் ரன் அவுட்” என்பாள் மகள்.

அடிபட்ட அன்று மகள் இரண்டாம் பேஸில் நின்ற பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிறவளைப் பார்ப்பதுதான் கோச்சின் வேலை. அந்த நேரம் அடித்த பந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே சீவிக்கொண்டு வந்தது. இடது கன்னத்து எலும்பு உடைந்தது. கண் தப்பியது. கோட்-டெ-நெய்ஜில் நான் வேலைசெய்யும் ஆஸ்பத்திரிக்கே அவளைக் கொண்டுவந்தார்கள். எத்தனையோ ஆயிரம் பேருடைய இரத்தக் குழாய்களைப் பயமில்லாமல் தொட்டவள், மகளுடைய பெயர் ஒட்டிய குழாயைத் தொட முடியாமல் கூட வேலைசெய்கிறவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் அவள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அதே பெட்டிக்குள் போய் நின்றாள். ஹெல்மெட் தலையை மூடும், கன்னத்தை மூடாது. அதுவரை நான் ஆட்டங்களுக்குப் போனால் மற்றப் பெற்றோரோடு பார்வையாளர் வாங்கில் இருந்து, கோட்டுப் பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருப்பேன். ஒரு பந்துக்கு ஒரு மணி. இப்போது செபமாலையை வீட்டில் வைத்துவிட்டுப் போய், அவளுடைய பெட்டிக்கு நேர் பின்னால் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஓடுகிறவளைப் பார்க்கட்டும், நான் பந்தைப் பார்க்கிறேன். என் கணக்கு அவ்வளவுதான்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. “அம்மா, பெட்டையள் சிரிக்கிறாளவை.”

“சிரிக்கட்டும்.”

இரண்டாவதோ மூன்றாவதோ ஆட்டத்தில் ஒரு பந்து வந்தது. “குனி!” என்று கத்தினேன். அவள் யோசிக்கவில்லை. சின்ன வயதில் இருந்து என்னுடைய குரலுக்கு அவளுடைய உடம்புதான் முதலில் கீழ்ப்படியும், அவள் பிறகுதான் சண்டைக்கு வருவாள். பந்து அவளுடைய தலை இருந்த இடத்தால் போய் வேலியில் பட்டு என் விரல்களை அதிர வைத்தது. அவள் எழும்பி, மண்ணைத் தட்டி, திரும்பாமலே சொன்னாள்: “சரி, நில்லுங்கோ. சும்மா சும்மா கத்தக்கூடாது.”

அதன் பிறகு நான் அணியில் ஒருத்தி மாதிரி ஆகிவிட்டேன். பெண்கள் பஸ்ஸுக்குள் சுருட்டிய கால்மேசுகளை ஒருத்தி மேல் ஒருத்தி எறிந்து “குனி!” என்று கத்தினார்கள். சிவப்புத் தலைமயிரைப் பின்னிக்கொண்டு வரும் கெபெக் பெண் ஒருத்தி இருந்தாள். அணியிலேயே வேகமாக ஓடுகிறவள் அவள்தான். என்னைக் கண்டால் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு “பொன்ஜூர் மதாம் குனி” என்பாள்.

அந்த வருடம் கனடாக் கிண்ணத்துக்கு ஆடிய இறுதியாட்டத்து நாளின் வெளிச்சம் எனக்குக் கனவில் வரும் வெளிச்சம். ஒக்டோபர் பின்னேரம், மேப்பிள் மரங்களுக்குப் பின்னால் சரிந்த வெயில், எல்லோருடைய நிழலும் ஆளைவிட நீளம். பெண்களின் வாயிலிருந்து புகை போல மூச்சு வந்தது. நாங்கள் ஒரு ஓட்டத்தால் பின்னால் நின்றோம். கடைசி இனிங்ஸ், இரண்டு பேர் ஏற்கெனவே ஆட்டமிழந்துவிட்டார்கள், மூன்றாவது ஆளும் போனால் முடிந்தது. சிவப்புப் பின்னல்காரி இரண்டாம் பேஸில். அவள் வீடு வந்து சேர்ந்தால் சமம்.

பந்து மட்டையில் பட்டது. நல்ல அடி. அது மூன்றாம் பேஸ் பக்கமாக வந்தது. வெயில் என் கண்ணில். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒன்று என் பிள்ளையின் முகத்தை நோக்கி வருவதை நான் கண்டேன். கண்டேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

“குனி!”

அவள் விழுந்தாள். உடம்பைத் தாழ்த்தி, இரண்டு உள்ளங்கைகளும் நிலத்தில்.

பந்து எல்லைக் கோட்டுக்கு உள்ளே, அவளிலிருந்து நல்ல தூரத்தில், புல்லைத் தொட்டுக்கொண்டு வெளி மைதானத்துக்கு ஓடியது. அதை எடுக்க ஆளில்லை. சிவப்புப் பின்னல்காரி இரண்டு முறை வீடு வந்திருக்கலாம். ஆனால் அவள் பந்தைப் பார்க்கவில்லை. அவள் கோச்சைப் பார்த்தாள். கோச்சின் கைகள் நிலத்தில். ஆகவே சறுக்கி விழுந்து, மூன்றாம் பேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளைச் சுற்றிச் சிவப்புத் தூசி மெதுவாக எழும்பி, வெயிலில் மினுங்கி, மெதுவாக இறங்கியது. அதற்கிடையில் பந்து திரும்பி வந்துவிட்டது. அடுத்து அடித்த பெண்ணின் பந்து நேரே ஒருத்தியின் கைக்குள் போனது. முடிந்துவிட்டது.

மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுத பெண்களைச் சுற்றி நிற்க வைத்து, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் “அது என்னுடைய பிழை, நான் தப்பான கையைக் காட்டினேன்” என்று சொன்னது எனக்குக் கேட்டது. பெட்டி நிறைய ரோல்ஸ் காருக்குள் அப்படியே இருந்தது. வழியில் என் கணவர் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்: “நீர் கத்தினதிலை பிழையில்லை. வெயில் கண்ணுக்குள்ளை.” பிள்ளையின் முகத்தைக் காப்பாற்றத்தான் போய் நின்றேன். முகம் முழுசாக இருந்தது. அவள் ஆசைப்பட்ட ஒன்றை நான் அந்த மண்ணில் விழுத்திவிட்டேன்.

குளிர்காலம் முழுவதும் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள், சாப்பிட்டாள், பனி தள்ளினாள். நத்தாருக்கு எனக்குக் கையுறை தந்தாள். நான் ஒருநாள் மட்டும், பாத்திரம் கழுவிக்கொண்டே, “இனி நான் வேலிப் பக்கம் வரேல்லை” என்றேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை வந்து, “சப்பாத்தைப் போடுங்கோ, வெளியிலை போவம்” என்றாள். மைதானத்தின் ஓரங்களில் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. சில பெண்கள் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். சிவப்புப் பின்னல்காரி மட்டையோடு நின்றாள். என்னைக் கண்டதும் தலையைப் பொத்தினாள்.

“இந்த வருசம் பெஞ்சிலை இருக்கிற பெட்டை ஒருத்தி எனக்குப் பந்தைப் பாப்பாள்” என்றாள் மகள். “கோட்டுக்கு வெளியிலை வாற பந்துக்கு மட்டும் கத்துவாள். குனி எண்டு தமிழிலைதான் கத்தச் சொல்லியிருக்கிறன். பிரெஞ்சிலை சொன்னா என்ரை உடம்பு யோசிச்சுப்போட்டுத்தான் கேக்கும்.”

“அப்ப நான்?”

“நீங்கள் ஓடுங்கோ.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? எனக்கு முழங்கால் நோ.”

“மெதுவா ஓடுங்கோ. இரண்டாம் பேஸிலை இருந்து. அவள் அடிப்பாள். பந்தைப் பாக்கக்கூடாது. என்னை மட்டும் பாருங்கோ.”

இரண்டாம் பேஸில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து பார்க்கும்போது என் மகள் மிகவும் தூரத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்குள் சின்னதாக நின்றாள். மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. நான் ஓடினேன். நான் என் வாழ்க்கையில் ஓடாதவள் இல்லை. ஊரில் குண்டுவீச்சுக்கு ஓடியிருக்கிறேன். அப்போது எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டுதான் ஓடினோம். இப்போது என் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு பந்து இருந்தது. எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில், என்னை நோக்கியா, தெரியாது. கழுத்துக்குப் பின்னால் தோல் கூசியது. திரும்பு, திரும்பு என்றது உடம்பு.

மகளின் முகம் கிட்ட வந்தது. இடது கன்னம் வலது கன்னத்தைவிடக் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. ஒன்றரை வருடமாக அதை நேரே பார்க்க முடியாமல் பக்கவாட்டில் பார்த்து வந்திருக்கிறேன். இப்போது வேறு பார்க்க ஒன்றும் இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலாக, எனக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை மேலெழுந்து சுழலத் தொடங்கியது. பெரிய, சோம்பலான வட்டங்கள். நிற்காதே. இன்னும். இன்னும்.

மூன்றாம் பேஸை மிதித்துத் திரும்பி, பெண்கள் எல்லோரும் ஊளையிட, மூச்சு முட்ட, கடைசித் தட்டை மிதித்து முழங்காலில் கைவைத்து நின்றேன்.

“பந்து எங்கை?” என்று கேட்டேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். “ஓடேக்கை பயமா இருந்ததோ?”

“இருந்தது.”

“பேந்து ஏன் திரும்பிப் பாக்கேல்லை?”

“நீ அங்கை நிண்டாய்” என்றேன்.

அவள் என் கோட்டில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்ட பிறகும் கொஞ்சம் இருந்தது. வீட்டுக்கு வந்து நான் அதைத் தோய்க்கவில்லை. ஓகஸ்ட்டில் ஆட்டங்கள் தொடங்கும்போது, வெக்கையானாலும், அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போவேன். இந்த முறை வாங்கில், மற்றப் பெற்றோரோடு. செபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டேன்.