அட்டையில் இரண்டு பெயர்கள்

சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளும் விரிவுரையாளர். ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பவிருக்கும் பாடநூல் முன்மொழிவை நான் ஒருமுறை பார்த்துத் தர வேண்டுமாம். அத்தியாய விவரம், மாதிரி அத்தியாயம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இணையாசிரியர் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு.

"ஒருத்தரும் கிடைக்கல்லையா?" என்றேன்.

"தனிய எழுதினாச் சுகம்தானே, சேர்" என்று சிரித்தாள்.

அவள் போன பிறகு எனக்கு ஃபோமலின் வாடை அடித்தது. வீட்டில் ஏது ஃபோமலின்? வயதானால் மூக்கும் பழைய கதை பேசத் தொடங்கிவிடும் போல.

யுத்த காலத்தில் மட்டக்களப்பில் நானும் ஜெமீலும் விலங்கியல் படிப்பித்தோம். ஃபோமலினில் ஊறிய மாதிரி மீன் போத்தல்கள் அடுக்கிய களஞ்சியம்தான் எங்கள் அறை. அந்த வாடைக்குள்ளேயே மத்தியானச் சோறும். தன் ஊரான ஓட்டமாவடியிலிருந்து ஜெமீல் கட்டிக்கொண்டு வரும் இறால் பொரியலைப் பிரித்தால் ஃபோமலின் தோற்றுப்போகும்.

புத்தக யோசனையும் அந்தப் பொரியலில்தான் பிறந்தது. எங்கள் பிள்ளைகள் வாவிக் கரையில் வளர்ந்தவர்கள். அவர்கள் படித்ததோ, எங்கோ பனி பெய்யும் நாட்டுக் கழிமுகத்தைப் பற்றி. "நம்மட வாவியப் பத்தி நாமளே தமிழில எழுதினா என்ன மச்சான்?" என்றான் ஜெமீல். கொழும்பில் ஒரு பதிப்பகம் தமிழ்ப் பாடநூல்களுக்கு முன்மொழிவு கேட்டிருந்தது.

முதல் அத்தியாயத்திலேயே சண்டை. நீரின் உப்புத்தன்மையில் தொடங்குவதுதான் முறை என்றேன் நான். "உப்பில தொடங்கினா ஆரு வாசிப்பான்? இறால்ல தொடங்கு" என்றான் அவன். தட்டச்சு என் பொறுப்பு. கோழி நெல்லுப் பொறுக்குவது போல இரண்டு விரலால் நான் தட்ட, பின்னால் நின்று பிழை சொல்லுவான். கார்பன் தாள் மை என் கன்னத்தில் ஒட்டியிருப்பதை மட்டும் சொல்லமாட்டான். அப்படியே வகுப்புக்குப் போய் நிற்பேன்.

பிறகு ஒருநாள் அவன் வரவில்லை. தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் ஆட்கள் கொல்லப்பட்ட நாட்கள் அவை. அவன் இங்கே வர முடியாது; நான் அங்கே போக முடியாது. மற்ற நண்பர்களும் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட, பேச்சுத் துணைக்கு எனக்குப் போத்தல் மீன்கள்தான் மிஞ்சின. அவன் எழுதவேண்டிய, வாவிச் சதுப்பில் வளரும் கண்டல் காட்டு அத்தியாயத்துக்காக நானே வவுணதீவுப் பக்கம் போனேன். வழியில் இராணுவச் சென்றியில் பையைச் சோதித்த சிப்பாய், நான் கையால் வரைந்த வாவி வரைபடத்தை விரித்தான்.

"இது என்ன? ஏன் ஆழம் எழுதினது?"

"இறால் எங்க வளரும் எண்டு காட்ட."

என் காதுக்கே அது பொய் போலக் கேட்டது. பொழுது சாயும் மட்டும் வெயிலில் இருத்திவைத்து, படத்தை வைத்துக்கொண்டு ஆளை விட்டார்கள். அடிக்கவில்லை. அந்நாளில் அது அதிர்ஷ்டக் கணக்கு.

படம் இல்லாமலே முன்மொழிவை முடித்தேன். ஜெமீலின் வெறுங்கதிரையைப் பார்த்துப் பார்த்து இறாலிலேயே தொடங்கினேன். வாதாட ஆளில்லாத வெற்றி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பதிப்பகத்துக்குப் பிடித்திருந்தது. ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். ஜெமீல் குடும்பத்தோடு பொலன்னறுவையில் இருப்பதாக விசாரித்து அறிந்து, சுற்றி வளைத்துப் போய்ச் சேர்ந்தேன். மச்சினனின் துணிக்கடையில் சீத்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். தேத்தண்ணி வந்தது. முன்மொழிவை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தான்.

"இறால்லயே தொடங்கிட்டாய்" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளினான். "என்ட பேர எடுத்துப்போடு மச்சான். உன்ட பேரும் என்ட பேரும் ஒரே அட்டையில இருந்தா உன்ன உங்கட பக்கத்தானுகள் கேப்பானுகள், என்ன எங்கட பக்கத்தானுகள் கேப்பானுகள்."

"உன்ட பேர் இல்லாம நான் போடமாட்டன்."

"புள்ளைகள் படிக்கட்டுமேடா."

"நாள் திரும்பட்டும். அப்ப போடுவம்."

பஸ்வரை வந்து வழியனுப்பினான். அடுத்த வருடம் படிப்பிக்க வளைகுடா நாடொன்றுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். நாள் திரும்பத்தான் செய்தது. அதற்குள் பதிப்பகத்தை மூடிவிட்டார்கள். ஜெமீலும் வளைகுடாவிலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கப்பட்டுவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

நாங்கள் எழுத இருந்த கண்டல் கரையும் இப்போது இல்லை. பாதுகாப்புக்கென்று பாதியை வெட்டினார்கள். மீதியை இறால் பண்ணைக்கு வெட்டினார்கள். பாதை மட்டும் நன்றாக இருக்கிறது. யாரும் இறக்கிச் சோதிப்பதில்லை. சில நாட்களில் சும்மா பஸ் ஏறி ஓட்டமாவடியில் இறங்குவேன். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.