அம்மா வராத இரண்டு கூட்டங்கள்

அம்மாவுக்கு முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட வருஷம் உங்கள் இருவருக்கும் ஞாபகம் இருக்கும். இடது கண் மூடாமல் துணி கட்டிக்கொண்டு படுத்ததைப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அம்மா எப்படி மறுபடி வாசலுக்கு வந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. அன்று மதியம் நீங்கள் ட்யூஷனில் இருந்தீர்கள். உங்கள் அப்பா நான் பத்தாவது வரை படித்தவன், குரோம்பேட்டையில் லேத் பட்டறை வேலை. எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் இதை எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இதில் என் தப்பும் இருக்கிறது.

நம் காலனி மகளிர் மன்றத்துக்கு அது இருபத்தைந்தாவது வருஷம். மொத்தம் இருபத்திரண்டு பேர். வெள்ளி விழா என்றால் மண்டபம் பிடித்து, மாலை போட்டு, சாப்பாடு போட்டு அனுப்புவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அவர்கள் வருஷம் முழுவதையும் விழாவாக ஆக்கிவிட்டார்கள். பழைய புடவைகளைக் கிழித்துப் பை தைத்து, ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் காய்கறிக் கடைகளில் கொண்டுபோய் மாட்டினார்கள். ஏரிக்கரையில் சாக்குப் பையோடு இறங்கிக் குப்பை பொறுக்கினார்கள். நம் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரையெல்லாம் சுரண்டி, வெள்ளையடித்து, எந்த பஸ் எங்கே போகும் என்று பெரிய எழுத்தில் எழுதினார்கள். அதில் ஒரு நம்பர் தப்பு. ஒரு கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி வந்து, அவர்கள் கையிலிருந்த பிரஷ்ஷையே வாங்கித் திருத்திவிட்டுப் போனார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூட்டம். யாராவது தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை என்றால், மூன்றாவது கூட்டம் அவர் இருக்கும் இடத்தில் நடக்கும். ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்கள். பாய், காபி பிளாஸ்க் எல்லாம் அவர்களே தூக்கிக்கொண்டு வருவார்கள். பேத்தி பிறந்து ஆஸ்பத்திரியோடு கிடந்த ஒரு அம்மாவுக்காக, வார்டு வராந்தாவில் நின்றபடியே ஒரு கூட்டத்தை முடித்திருக்கிறார்கள். நர்ஸ் விரட்டியும் போகவில்லையாம்.

ஆண்டு விழா நாளில் கும்மி அடிக்க முடிவு செய்திருந்தார்கள். முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் பாடிக்கொடுப்பது அம்மா. சமையலறையில், மொட்டை மாடியில், எங்கே பார்த்தாலும் அந்தப் பாட்டுதான். அத்தனை பேருக்கு முன்னால் நின்று பாடுவது அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் ஓரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகம் கோணி இருக்கிறது. பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பில் வீக்கம், சில மாதத்தில் சரியாகும் என்றார் டாக்டர். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. போனை அணைத்து வைத்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். குப்பை வண்டி வந்தால்கூட நான்தான் போனேன். யார் கேட்டாலும், "அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, மதுராந்தகம் பக்கம் ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொன்னேன். உங்களையும் அப்படியே சொல்லப் பழக்கினேன். அம்மா மனசு நோகக்கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், நாலு பேர் வந்து பார்த்து ஐயோ பாவம் என்பதை எனக்கும் தாங்கமுடியாது. பொய் எனக்கும் வசதியாக இருந்தது.

இரண்டு கூட்டம் போயிற்று. மூன்றாவது கூட்டத்துச் சனிக்கிழமை மதியம் நம் கேட்டுக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே இடமே இல்லை. பாய்ச் சுருட்டு, பிளாஸ்க், ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய சுண்டல், மன்றத்துப் பெண்கள் இருபத்தொரு பேர். தலைவி டீச்சரம்மா இறங்கினார். ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ், நோட்டும் பேனாவும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

"தம்பி, மதுராந்தகத்துல எந்த ஊருன்னு சொல்லுங்க. நாலு மணிக்குள்ள போய்ச் சேரணும்."

"எதுக்கு டீச்சர்?"

"மூணாவது கூட்டம் அங்கதானே. இந்த வருஷம் ஒரு ஆள் குறையாம நடத்துறதா முடிவு பண்ணியிருக்கோம்."

வேனுக்குள்ளிருந்து பால்கார அக்கா தலையை நீட்டினார். நம் ஊர் பழைய குடும்பத்துக்காரர், மாடு வைத்திருப்பவர். "இன்னா தம்பி முழிக்கிற? மாமியார் வூடு அட்ரஸ் மறந்து போச்சா? கண்ணாலத்துக்கு அப்புறம் அந்தப் பக்கமே போவலியா நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தார். ஏதாவது ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அந்தச் சுண்டல் தூக்கைப் பார்த்தேன். அவ்வளவு தூரம் போய் இந்தப் பெண்கள் வெயிலில் வீடு வீடாகக் கேட்டு அலைவார்கள். அலையாமல் திரும்பமாட்டார்கள்.

"அவங்க ஊருக்குப் போவல," என்றேன். "உள்ளதான் இருக்காங்க. முகம் இழுத்துக்கிச்சு. யாரையும் பாக்க மாட்டேங்கிறாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

பால்கார அக்காதான் முதலில் கேட்டார். "அப்போ வண்டிய இன்னா பண்றது?"

"அனுப்பிடு," என்றார் டீச்சரம்மா. "அவங்க இருக்கிற இடம் இதுதானே. எல்லாரும் இறங்குங்க."

கதவைத் தட்டவில்லை. அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. போர்ட்டிகோவில் என் ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னார்கள், பாயை விரித்தார்கள், உட்கார்ந்தார்கள். ஜன்னல் திரைக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்பது எனக்குத் தெரிந்தது. திரை லேசாக அசைந்தது. ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏரிக்கரையில் மன்றம் நட்ட மரக்கன்றுகளில் மூன்றை மாடு தின்றுவிட்டது என்று ஒருவர் புகார் சொன்னார். "என் மாடு இல்ல," என்றார் பால்கார அக்கா. "உங்க மாட்டுக்கு வாய் பேச முடியாதுன்ற தைரியம்க்கா," என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

கடைசியில் டீச்சரம்மா நோட்டைத் திறந்து வருகைப் பதிவு எடுத்தார். பள்ளிக்கூடத்தில் போலவே ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொருவரும் "உள்ளேன்" என்றார்கள். அம்மாவின் முறை வந்தது. பெயரைப் படித்துவிட்டு அவர் தலையைத் தூக்கவில்லை. பேனாவை நோட்டின் மேல் வைத்துக் காத்திருந்தார். தெருவில் ஒரு தண்ணீர் லாரி போய் முடிந்தது. அவ்வளவு நேரம்.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குழறலாக ஒரு "உள்ளேன்" வந்தது.

டீச்சரம்மா டிக் அடித்தார். அடுத்த பெயரைப் படித்தார். எனக்குத்தான் கண் கலங்கி, ஸ்கூட்டரைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பதிவு முடிந்ததும் பால்கார அக்கா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, சுண்டல் ஆறிக்கினு கீது. உள்ள வந்து குடுக்கவா, நீ வந்து வாங்கிக்கிறியா?"

கதவு திறந்தது. முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு அம்மா வந்தார். சுண்டல் வாங்க ஒரு கை, தட்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும். முந்தானை தானாக நழுவியது. யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. "நகருங்கடி, இடம் விடுங்க," என்றார்கள். அவ்வளவுதான்.

"என்னால பாட முடியாது டீச்சர்," என்றார் அம்மா. "உதடு ஒட்டவே மாட்டேங்குது. பா-ன்னு சொன்னா காத்துதான் வருது."

டீச்சரம்மா நோட்டை மூடிக்கொண்டே, "அப்ப அந்த எழுத்து வர்ற வார்த்தைய நாங்க பாடறோம். மத்தது நீ பாடு," என்றார்.

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அடுத்த வாரமே பாட்டை எழுதிய தாளைக் கொண்டுவந்து, உதடு ஒட்டவேண்டிய வார்த்தைகளுக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டு, இருபத்தொரு பேரும் நம் வீட்டிலேயே பழகினார்கள். நான் பட்டறையிலிருந்து திரும்பும்போது தெரு முனையிலேயே சத்தம் கேட்கும்.

விழா அன்று அம்மாவின் முகம் முக்கால்வாசி நேராகியிருந்தது. இடது கண் மட்டும் சரியாக மூடவில்லை. நீங்கள் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினீர்கள். அம்மா முன்னால் நின்று பாடினார், நடுநடுவே ஒரு வார்த்தைக்கு நிறுத்தினார், அந்த வார்த்தையை மற்ற எல்லோரும் சேர்ந்து ஓங்கிப் பாடினார்கள், மறுபடி அம்மா தொடர்ந்தார். பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் சொன்னார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. என்ன நடந்தது என்று அவரிடம் முழுசாகச் சொன்னேன்.