சத்தம் போடாத பூனை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு ஏப்ரல் மாதத்து மத்தியானத்தில், அத்தை ஒரு துணிப்பையோடும் ஒரு பூனையோடும் கோச்சடையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அப்பாவின் ஒரே தங்கை, அவனியாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். “நாலு நாள் இருந்துட்டுப் போறேண்ணே” என்றாள். அப்பா காரணம் கேட்கவில்லை. எனக்குப் பூனையைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

அது பெர்சியன் பூனை. வெள்ளை நிறம், சப்பை மூக்கு, தரையைக் கூட்டுகிற நீளத்துக்கு முடி. மூன்றாவது முறையும் அத்தைக்குக் கரு கலைந்தபோது மாமா வாங்கிக் கொடுத்ததாம். அம்மா பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டேன்.

தெருப் பூனைகளோடு பழகிய எனக்கு அதன் குணம் பெரிய ஏமாற்றம். மதில் ஏறாது. பல்லியைத் துரத்தாது. மீன் தலையைப் போட்டால் மோந்து பார்த்துவிட்டு, நாம் ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூக்கினால் ஈரத்துண்டு மாதிரித் தொங்கும். பகலெல்லாம் கிரைண்டருக்குப் பக்கத்தில் குளிர்ந்த தரையில் படுத்து, சளி பிடித்தவர் போல மூச்சு விடும். வாயைத் திறந்து கத்தி நான் கேட்டதில்லை. கண்ணில் சதா நீர் வடியும். காலையில் அத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். மத்தியானம் மடியில் போட்டுச் சிக்கெடுப்பாள். அப்போது மட்டும் இரண்டு பேர் முகமும் தெளிந்திருக்கும்.

நாலு நாள் ஒரு மாதமானது. மாமா வரவில்லை, போனும் இல்லை. அத்தை சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தாள். சிக்கெடுப்பது நின்றது. பூனையின் காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் முடி முடிச்சு முடிச்சாகத் திரண்டது. உதிர்ந்தது பாயில், தலையணையில், கடைசியில் சாம்பாரில் கிடந்தது. அம்மா அதை விரலால் எடுத்து அப்பாவிடம் காட்டி, “எம்புட்டு நாளைக்குத்தான் இதச் சகிச்சுக்கிறது?” என்றாள். அப்பா பாதிச் சோற்றில் எழுந்தார்.

அம்மா முடியைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். முடி போய்விட்டால் அத்தை இருக்கலாம்.

மறுநாள் அத்தை குளிக்கப் போன நேரத்தில், பள்ளிக்கூடத்துக் கத்தரிக்கோலை எடுத்து, முன்னங்கால் இடுக்கில் இருந்த பெரிய முடிச்சை இழுத்துப் பிடித்து வெட்டினேன். முடியோடு தோலும் சேர்ந்து வந்தது. பூனை கத்தவில்லை. என் மணிக்கட்டின் மேல் பாதத்தை வைத்தது, அவ்வளவுதான். கத்தாததால் வலிக்கவில்லை என்று நினைத்தேன். கர்ச்சீப்பால் துடைத்தேன். சுற்றியிருந்த முடி புண்ணை மூடிக்கொண்டது.

அன்றைக்கே அது பீரோவுக்கு அடியில் போய்விட்டது. “வெக்கை தாங்கல போல” என்றாள் அத்தை. நாலாம் நாள் வாடை வந்தது. அத்தை அதை வெளியே இழுத்து, முடியை விலக்கிப் பார்த்தாள். புண்ணுக்குள் புழு நெளிந்தது.

அப்பா, அத்தை, நான் மூவரும் பூனையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, “இது கத்தரி வெட்டு. யாரு வெட்டுனது?” என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“நான்தான் சார்” என்றாள். “சிக்கெடுக்கையில பட்டுருச்சு.”

“இந்த ரகத்துக்குத் தோல் காகிதம் மாதிரிம்மா. வலிச்சாலும் சத்தம் போடாது, எங்கயாச்சும் போய் ஒளிஞ்சுக்கும். நாமதான் தேடிப் பாக்கணும்.”

ஊசி போட்டும் இரண்டு நாள்தான் இருந்தது. அப்பா கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். குழாயடியில் மண்வெட்டியைக் கழுவியபடியே, “ஒரு பூனையக்கூடப் பாத்துக்க முடியலேன்னா, நாளைக்கு ஒனக்குன்னு ஒரு பிள்ள பெறந்தா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அடுப்படியில் மிக்ஸி ஓடுவதும் நின்றது.

“ஆமாண்ணே” என்றாள் அத்தை.

மறுநாள் காலையில் அவள் பையைக் கட்டிவிட்டாள். கூட்டிப்போக மாமா வரவில்லை. அம்மா, “இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்ல” என்று வாசல் வரை வந்து சொன்னாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். தெருமுனை வரை பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் கூடப் போனேன். ஷேர் ஆட்டோவில் ஏறும் முன் அத்தை என் தலையில் கை வைத்து, “மனசுல ஒண்ணும் வச்சுக்காத பாப்பா. வாரேன்” என்றாள்.

எதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. டாக்டரிடம் அவள் சொன்னதை நான் அப்படியே நம்பியிருந்தேன். எனக்குத் தெரியாமல் அவளும் எங்கோ வெட்டியிருக்கிறாள். பூனையைக் கொன்றது அந்த வெட்டுதான், என்னுடையது இல்லை. அவள்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. ஆட்டோ வளைவில் திரும்பும் வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையசைக்கவில்லை.