செல்லபாய் அக்காவுக்கு ஒரு நாக்கு வேண்டும்

"முழுங்கு மக்கா, முழுங்கு. முழுங்கிட்டு சொல்லு."

கரண்டி பிடித்த கை அந்தரத்தில் நிற்க, செல்லபாய் அக்கா எதிரே நிற்பவனின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் பெயர் ஜெயன். சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் மூட்டை சுமப்பவன். வாயில் இருப்பது அன்றைய முதல் ரசவடை. விழுங்கினான். முகத்தைச் சுளித்தான்.

"இது ரசமா, கலம் கழுவின வெள்ளமா? உப்பு எங்க?"

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆங், அப்பிடிச் சொல்லு!" ஒரு சிட்டிகை உப்பு ரசத்தில் விழுந்தது. மறுபடி ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு ஜெயன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லையென்றால் ரசம் பிரமாதம் என்று அர்த்தம். வியாபாரம் தொடங்கிவிட்டது.

திருவனந்தபுரத்தில் வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டுமென்றால், கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி நேரே கம்போளத்துக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பித்தளை விளக்கு, முல்லைப்பூ, பிளாஸ்டிக் வாளி, வத்தல் மிளகாய் எல்லாம் ஒரே சந்துக்குள் இடித்துக்கொண்டு கிடக்கும். வத்தல் கடையைத் தும்மாமல் கடப்பது உங்கள் சாமர்த்தியம். கடந்துவிட்டால் அடுத்தது அக்காவின் தள்ளுவண்டிதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய ருசியையும் மணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. வேறு யாராயிருந்தாலும் மூடி மறைத்திருப்பார்கள். இவர் வருகிறவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்க நாக்கு செத்துப் போச்சு, கேட்டீங்களா. புளியும் தெரியாது, உப்பும் தெரியாது. ஒங்க நாக்கு உயிரோட இருக்கில்லா? உள்ளத சொல்லிட்டுப் போங்க." அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

புகழ்கிறவர்களை அவருக்கு ஆகாது. "சூப்பர் அக்கா" என்ற ஒரு பையனை, "போ மக்கா, போய் ஒனக்க ஜோலியப் பாரு" என்று விரட்டியதை நானே பார்த்தேன். ஜெயனோ, பெற்ற தாயின் சமையலைக்கூட விட்டுவைக்காதவன். கம்போளத்திலேயே பொல்லாத வாய் அதுதான் என்று தேடிப் பிடித்து, ருசி பார்க்கும் உத்தியோகத்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்.

மகள் பிரிஸில்லாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவளுக்கு நகரத்தின் வடக்கே, கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்பெனி வேலை. "ஒரு நாள் மானம் போகும்மா. பேசாம நிறுத்து" என்று ஓயாத நச்சரிப்பு. கடைசியில் அக்கா வண்டிமேல் அடித்துச் சத்தியம் செய்தார்: "ஒரே ஒரு ஆளு வடைய பாதியில வச்சிட்டுப் போகட்டு. அன்னைக்கே வண்டிய வித்துருவேன்." அந்தச் சத்தியம் கடைத்தெரு முழுக்கத் தெரியும்.

வந்தது உத்திராடம். ஓணத்துக்கு முந்திய நாள். ஊரே கம்போளத்துக்குள் பாய்கிற நாள். ஜெயன் ஏத்தன் வாழைக்குலை இறக்குகிற லாரியில் மாட்டிக்கொண்டான். லீவில் வந்திருந்த பிரிஸில்லா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே அக்கா ரசத்தைக் கூட்டி இறக்கினார். முதல் வடை, கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வருகிற அனந்தபத்மநாபனுக்குப் போயிற்று. ஓய்வுபெற்ற மனிதர். வீட்டில் பூண்டுக்கு அனுமதி இல்லாததால் இங்கே வருகிறார். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசத் தெரியாத சாது. கடைத்தெருவில் எல்லாருக்கும் அவர் "சாமி".

சாமி ஒரு வாய் வைத்தார். அப்படியே நின்றார். பிரிஸில்லாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மடமடவென்று முழு வடையையும் தின்று, தட்டில் கிடந்த ரசத்தையும் உறிஞ்சிக் குடித்தார்.

"நன்னாயிருக்கு செல்லபாய். ஒரு கொழப்பமும் இல்லே."

அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"சாமி, உப்பு ரெண்டு தடவ போட்டுட்டேனா?"

சாமி வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்களுக்குப் பிரஷர் உண்டில்லா? பின்ன எதுக்குக் குடிச்சீங்க?"

"பாதியிலே வச்சா வண்டிய வித்துடுவேன்னு சொன்னியே" என்றார் சாமி, அடிக்குப் பயந்த குழந்தை மாதிரி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

அக்கா கந்தைத் துணியைச் சுற்றிப் பானையைத் தூக்கினார். "அம்மா, கொஞ்சம் வெள்ளம் விட்டு இளக்கினாப் போதும், இவ்வளவு ஆளு நிக்குது" என்று பிரிஸில்லா பதறினாள். பானை ரசமும் தெருவோரச் சாக்கடைக்குள் போயிற்று. கூட்டம் "ஐயோ" என்றது. சிலர் முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"நிக்கவங்க நில்லுங்க. புதுசா வைக்கேன்."

மறுபடி புளி கரைந்தது, பூண்டு நசுங்கியது, ரசம் நுரை கட்டியது. பிரிஸில்லா கையில் ஈரத்தட்டோடு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா உப்பு டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து சாமியின் கையில் வைத்தார். வைத்துவிட்டு, அவர் எவ்வளவு அள்ளுகிறார் என்றுகூடப் பார்க்காமல், வடை தட்டத் திரும்பிக்கொண்டார்.