பெற்றோல் செட்டில் மத்தியானச் சாப்பாடு

கோடைப் பயணத்துக்கான திட்டத்தை மகள் மடிக்கணினியில் எழுதித் தொலைக்காட்சித் திரையில் காட்டிக்கொண்டிருந்தாள். ஏழு பேர், இரண்டு கார். ஜேர்மனி, சுவிஸ், இத்தாலி, பிரான்ஸ், பெல்ஜியம் என்று சுற்றி மறுபடி டென்மார்க். என் மச்சான், மனைவியின் தமையன், பிள்ளைகள் இருவரையும் வீட்டில் விட்டுத் தன் மனைவியோடு டோஸ்ட்ருப்பில் இருந்து பாலம் கடந்து ஹோர்சன்ஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார், இதைப் பேசி முடிப்பதற்கென்றே. ஞாயிறு பின்னேரம். தேநீரும் கட்லட்டும் மேசையில் இருந்தன.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டெனிஷை இன்னமும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மற்றவர்கள் பாரிஸ் பக்கம் போய்விட்ட பிறகும் நான் முதல் நாளிலேயே நின்றேன். காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. ஹம்பூர்க்கில் காலைச் சாப்பாடு, மனைவியின் சித்தி மகள் வீட்டில். ஒஸ்னாபுரூக்கில் மத்தியானச் சாப்பாடு, நெடுஞ்சாலையோரப் பெற்றோல் செட்டில். இரவு டோர்ட்முண்டுக்கு அப்பால் மச்சானின் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில்.

ஒஸ்னாபுரூக் என்ற சொல்லை எழுத்துக் கூட்ட வேண்டிய தேவை எனக்கு இல்லை. அங்கேதான் என் சிநேகிதன் இருக்கிறான்.

எங்கள் ஆட்களின் பயணத்தில் றோட்டுப் போகும் வழியில் நாங்கள் போவதில்லை. சொந்தக்காரர் இருக்கும் வழியில்தான் போவோம். ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தால் போய் அங்கே சாப்பிடாமல் வந்துவிட்டால் அது பத்து வருசத்துக்குப் பேச்சாக இருக்கும். டோர்ட்முண்ட்காரரை நான் ஒரு கலியாண வீட்டில் ஒரே ஒரு தடவை கண்டிருக்கிறேன். அவருக்காக நாற்பது கிலோமீற்றர் விலகிப் போகத் தயாராக இருந்தார்கள். என் சிநேகிதனின் வீடு ஓட்டோபான் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஏழு நிமிடம். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெற்றோல் செட்டின் மர வாங்கில் இருந்துகொண்டு, கட்டிக்கொண்டு போன புட்டைச் சாப்பிடுவதாகத் திட்டம்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் முகாமில் நானும் அவனும் ஒரே அறை. ஊரில் ஏஎல், உயர்தர வகுப்பு வரை படித்தவன். எனக்கு வந்த கடிதங்களை எல்லாம் அவன்தான் வாசித்தான். கார் பழகும்போது எழுத்துச் சோதனையின் கேள்விகளை டெனிஷில் வாசித்து, தமிழில் சொல்லி, நான் சரியாகச் சொல்லும் வரை விடமாட்டான். மூன்றாம் தடவை நான் சித்தியடைந்தபோது என்னைவிட அவன்தான் துள்ளினான். பிறகு ஒரு பழைய காரில் இரண்டு பேருமாக ஜேர்மனிக்குப் போவோம். வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு பாலம் பொறு, பிறகு வலம்" என்பான். இன்றைக்கு நான் ஐரோப்பாவில் எந்த றோட்டிலும் பயமில்லாமல் கார் ஓடுகிறேன் என்றால் அந்தக் குரல்தான் காரணம். மச்சான் டென்மார்க்குக்கு வந்தபோது அவருடைய படிவங்களை நிரப்பியதும் அவன்தான். மச்சான் கையெழுத்து மட்டும் போட்டார். அன்றைக்கு அவன் தொட்ட கடதாசியில் எந்தத் தீட்டும் இருக்கவில்லை.

கலியாணம் கட்டி ஒஸ்னாபுரூக்கில் குடியேறிவிட்ட அவன் பன்னிரண்டு வருசத்துக்கு முன் ஜேர்மனியில் இருந்து எங்களைப் பார்க்க வந்தான். மகளின் ஐந்தாம் பிறந்தநாள் முடிந்து ஒரு கிழமை. மனைவி தேநீர் கொண்டுவந்தாள். எனக்குப் பீங்கான் கோப்பையில். அவனுக்கு, மகளின் பிறந்தநாளில் மிஞ்சிய பேப்பர் கப்பில். டெனிஷ் கொடி போட்ட, சிவப்பும் வெள்ளையுமான கப். அவன் அதைப் பார்த்தான். என்னுடையதைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"என்னடா, எனக்கு மட்டும் இண்டைக்குப் பிறந்தநாளோ?"

என் கோப்பையில் இருந்ததைக் குடித்து முடித்தேன். அவனும் குடித்தான். எழும்பிப் போய்க் கப்பைத் தானே குப்பைவாளியில் போட்டான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தொலைபேசியில் கதைப்பான், சிரிப்பான், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனைவிமேல் வந்த கோபத்தையும் என்மேல் வந்த கோபத்தையும் நான் பன்னிரண்டு வருசமாகத் என் தொழிற்சாலை வேலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறேன்.

இந்த வசந்தத்தில், நாங்கள் கோடையில் அந்தப் பக்கம் வருவோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப கூழ் காய்ச்சுவம்" என்றான் உடனே. அதை வீட்டில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"ஒஸ்னாபுரூக்கில ஏன் பெற்றோல் செட்?" என்றேன்.

என் சத்தம் எப்போதும் தணிவு. மச்சானுக்குக் கேட்கவில்லை. "என்ன சொன்னனீர்?"

"அங்கதானே அவன் இருக்கிறான்."

ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. மச்சான் கட்லட் ஒன்றை எடுத்தார். "அது சரிவராது, மச்சான். பத்து நிமிசம் எண்டு இறங்கினால் ரெண்டு மணித்தியாலம் போயிடும்."

"ஏழு பேர் போய் நிண்டால் அவன்ர மனிசிக்குத்தானே கரைச்சல்" என்றாள் என் மனைவி. பாரிஸில் அவளுடைய அக்கா வீட்டில் இதே ஏழு பேரும் மூன்று இரவு தங்குவதாகத் திரையில் இருந்தது. அந்த வீட்டில் அறை இரண்டு.

மச்சானின் மனைவி மெதுவாகச் சொன்னாள். "இப்ப ஆர் அதெல்லாம் பாக்கினம்? நாங்கள் பாக்கிறேல்லை. ஆனால் சாப்பாடு எண்டு வரேக்க பிள்ளையளுக்கு ஒத்துக்கொள்ளாமல் வந்தால்…"

"பெற்றோல் செட்டு மட்டும் ஒத்துக்கொள்ளுமோ?" என்றேன்.

"நீர் கார் ஓடுறதைப் பாரும், மச்சான்" என்று சிரித்தார் மச்சான். "பிளானை நாங்கள் பாக்கிறம்."

மகள் இவ்வளவு நேரமும் விரலை விசைப்பலகையில் வைத்தபடி இருந்தாள். பதினேழு வயது. எங்களுக்குப் பதில் சொல்வதெல்லாம் டெனிஷில்தான். "வோஃபோ?" என்றாள், ஏன் என்று. அந்த மாமா வீடு வழியிலேயே இருக்கிறது, நீங்கள் சொல்வது ஒன்றும் காரணமில்லை, உண்மையான காரணம் என்ன என்று கேட்டாள். கேள்வியை அவள் தாயிடம்தான் கேட்டாள். தாய் தேநீர்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

"சாதி" என்றேன் நான்.

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. சொல்லத் தேவைப்பட்டதில்லை.

"அது இந்தியாவில எல்லோ?" என்றாள் மகள், தமிழில். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தாளாம்.

"இல்லை. இந்த மேசையில."

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு முன்னால என்ன கதை இது?" மனைவி கேத்தலோடு குசினி வாசலில் நின்றாள்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் வராது. அன்றைக்கு வந்தது. அவன் வந்தபோது நீ எதில் தேநீர் கொடுத்தாய் என்று கேட்டேன். அவளுக்கு ஞாபகமில்லையாம். எனக்கு அந்தக் கொடியின் கோணல்கூட ஞாபகம் இருக்கிறது. மச்சானிடம், உங்கள் படிவங்களை எழுதிய கை எது என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டு, "அது வேறை, இது வேறை" என்றார். எது வேறு என்று கேட்டேன். நான் கத்தவில்லை. ஆனால் மச்சானின் மனைவி யன்னலைச் சாத்தினாள்.

"கேளுங்கோ" என்றேன். "முன்கார் நான்தான் ஓடுறன். நான் ஒஸ்னாபுரூக்கில இறங்கி அவன்ர வீட்டில சாப்பிடுவன். சாப்பிட விருப்பமில்லாத ஆக்களைப் பெற்றோல் செட்டில இறக்கி விடுறன். திரும்பி வந்து ஏத்துறன்."

"உமக்கென்ன விசரோ?" என்றார் மச்சான்.

நான் கைத்தொலைபேசியை எடுத்து அவனுக்கு அடித்தேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். இப்படி ஒரு காரியத்தை நான் அதற்கு முன் செய்ததில்லை. அவன் எடுத்தான். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"டேய், பயணத்தில முதல் நாள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு வருவம்" என்றேன். "கூழ் குடிக்க."

பாத்திரச் சத்தம் நின்றது. "எத்தினை பேர்?"

நான் மேசையைச் சுற்றிப் பார்த்தேன். மச்சான் தொலைக்காட்சியையே பார்த்தார், அது படம் காட்டுவது போல. அவருடைய மனைவி தட்டில் இருந்த தூளை விரலால் ஒதுக்கினாள். என் மனைவி வாசலில் கேத்தலைப் பிடித்தபடி நின்றாள். அவளை நான் கூடுதலான நேரம் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்தாள். மகள் பாடசாலையில் தூக்குவது போலக் கையைத் தூக்கினாள்.

"உண்மையைச் சொல்லடா" என்றான் அவன். "வந்து, வயித்துக்குள்ள சரியில்லை எண்டு சொல்லிக்கொண்டு கதிரை நுனியில இருக்கிற ஆக்களைச் சேர்க்காத. காய்ச்சினது மிஞ்சினால் என்ர மனிசி அழுவாள்."

"ரெண்டு" என்றேன். "நானும் மகளும். மிச்சம் ஐஞ்சு பேரும் பெற்றோல் செட்டில இருப்பினம்."

அவன் சிரித்தான். பேப்பர் கப்பைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"ரெண்டு பேருக்குக் கூழ் காய்ச்சேலாதடா. நண்டும் மீனும் போட்டு ஒரு பானைதான் காய்ச்சலாம். மிச்சத்துக்கு ஒண்டு செய். பேப்பர் கப் இருக்கு என்னட்டை. அதில ஊத்தி மூடித் தாறன். பெற்றோல் செட்டில இருக்கிற ஐஞ்சு பேருக்கும் கொண்டுபோய்க் குடு. சுடச்சுடக் குடிக்கச் சொல்லு."

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் வைத்துவிட்டான்.

மகள் திரையில் அந்த வரியைத் திருத்தினாள். பெற்றோல் செட் என்பதை அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ஐந்து என்று போட்டாள். கீழே புதிதாக ஒரு வரி திறந்து மாமா வீடு என்று டெனிஷில் எழுதி, இரண்டு என்று போட்டாள். மச்சான் கடித்த கட்லட்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினார்.

மனைவி கேத்தலை மேசையில் வைத்தாள். அதில் தேநீர் ஆறிப்போயிருந்தது. பயணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. மாமா வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டை அவளாக மூன்று என்று மாற்றினால் மாற்றட்டும். நான் கேட்கப் போவதில்லை.