பெண்கள் மணலில் இருக்க வேண்டுமாம்

எனக்குக் கல்யாணமாகிக் கொட்டாரத்துக்கு வந்த மறுவருடம் அது நடந்தது. நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஒரு டீச்சரம்மா எங்கள் சபைக்கு வந்திருந்தார். கடல் வற்றும் நாளில் குமரிமுனைப் பாறைகளுக்கு எல்லோரையும் கூட்டிப்போய், பாறைக்குழிகளில் தேங்கும் தண்ணீருக்குள் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று காட்டுவதாகச் சொன்னார். சபையை நடத்திய உபதேசியாருக்கும் சந்தோஷம்தான். ஜெபம், பாட்டு, கட்டுச்சோறு என்று அவரே ஏற்பாடு செய்தார்.

காளைவண்டிகளில் போய் இறங்கினோம். என் மாமியாரும் வந்திருந்தார். எனக்கும் அவருக்கும் ஒட்டுதல் கிடையாது. குழம்பில் உப்புக் கூடினால் திட்டமாட்டார். பேசாமல் தட்டை நகர்த்தி வைப்பார். அதற்கே நான் நடுங்குவேன்.

கடல் நன்றாக விலகி, கறுத்த பாறைகள் ஈரத்தோடு மின்னின. பெண்கள் நாங்கள் இறங்கப் போனபோது உபதேசியார் கையை நீட்டி மறித்தார்.

"ஆம்பிளையள் மட்டும் போவட்டும். பெண்டுகள் இந்த மணல்ல இருந்து பாட்டுப் படியுங்க. பாத்ததை நாங்க வந்து சொல்லுதோம்."

"இவியளும் பாக்கத்தான நான் வந்தேன்?" என்றார் டீச்சரம்மா.

"சேலையத் தூக்காம அங்க நடக்க முடியுமா, டீச்சர்? காலு தெரியும். ஊரு சிரிக்கும்."

பெண்கள் சிலர் உட்காரவே தொடங்கிவிட்டார்கள். அப்போது மாமியார் முன்னால் போய் நின்றார்.

"எங்கம்மை தோள்ல சீலை போட்டதுக்கு மேல்சாதிக்காரவிய சந்தையில வச்சு அடிச்சாவ. போட்ட சீலையக் கிழிச்சாவ. அண்ணைக்கு மாரை மூடப்பிடாதுன்னாவ. இண்ணைக்கு நீரு காலைத் தெறக்கப்பிடாதுங்கீரு. எங்க துணிக்கு எப்பவும் எவனாவது சட்டம் சொல்லணுமோ?"

உபதேசியார் பதில் தேடுவதற்குள் மாமியார் கொசுவத்தை அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டார். நரம்போடிய கால்கள், முழங்கால் வரை வெயிலில் தெரிந்தன. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன நிக்க? வா."

நானும் செருகிக்கொண்டு இறங்கினேன். பின்னால் மணலில் ஒருத்தியும் மிச்சமில்லை.

டீச்சரம்மா ஒவ்வொரு குழியாகக் காட்டினார். கறுப்பு முள்ளுருண்டைகள். பாறையின் நிறத்திலேயே எட்டுக் கால்களோடு ஒட்டிக் கிடந்த பேய்க்கணவாய், எங்கள் நிழல் பட்டதும் வெளுத்து இடுக்கில் நுழைந்தது. பூப்போல விரிந்திருந்த ஒன்றின் நடுவே மாமியார் விரலை வைத்தார். அது விரலைப் பற்றிக்கொண்டு சுருங்கியது.

"பிடிக்குது மக்கா! என்னையப் பிடிக்குது!" என்று சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் உபதேசியார் எழுந்து, கீழ்ப்படியாத பெண்கள் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து கிடையாது என்றார். ஒருத்தியும் அசையவில்லை.

வீட்டில் என் கணவர் மெல்லச் சொன்னார்: "ஒரு வார்த்தைதான? சொன்னா தீந்துபோவும்லா?"

"என்ன தப்புக்கு?" என்றேன். கணவரிடம் நான் முதன்முதலாக எதிர்த்துப் பேசியது அது. அடுக்களையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது: "அவ கேக்கது சரிதான? பதில் சொல்லு."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார்.

திருவிருந்து இல்லாமலே பல மாதங்கள் ஓடின. ஒரு ஞாயிறும் நாங்கள் தவறவில்லை. உபதேசியாரின் கண்ணெதிரே முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் திரும்பாமல் பிரசங்கம் செய்ய அவருக்குக் கழுத்து வலித்திருக்கும். கடைசியில், முன்வரிசையில் எங்களை உட்காரவைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் எடுக்கிற திருவிருந்தை மற்றவர்களாலும் சகிக்க முடியவில்லை. எங்களையும் அழைத்தார்கள். மன்னிப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நாங்களும்தான்.

அதன்பிறகு கடல் நன்றாக வற்றிய ஒரு நாளில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டீச்சரம்மாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, பெண்கள் நாங்களே வண்டி பேசிப் போனோம்.