வேலியில் ஐந்து அடி

ஊரில் அவருக்குச் 'சல்லடை' என்று பெயர். காட்டோரத்து வீடுகளுக்குத் தீயால் என்ன ஆபத்து என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கூரைக்கடியில் உள்ள காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய கம்பிவலை அடியுங்கள் என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர் அது.

காட்டுத்தீ வருமுன்னே அதன் பொறிகள் பறந்து வந்து வீட்டைக் கொளுத்திவிடும் என்பார். வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? அதனால் துண்டு துண்டாகக் கிழித்த காகிதத்தை மூட்டையில் கொண்டுபோய், சருகு ஊதும் மெஷினால் வீட்டின்மேல் ஊதிவிடுவார். காகிதம் ஒதுங்கும் இடத்தில்தான் பொறியும் ஒதுங்கும். பெருக்குவது வீட்டுக்காரர் பாடு. அவரைக் கண்டாலே பாதி ஊர் துடைப்பத்தைத் தூக்கும். பெருக்க மட்டும்தான் என்று சொல்வதற்கில்லை.

இந்தக் கோடையில் தன் அக்கா வீட்டிலேயே ஊதினார். ஓட்டுக்கூரை தேறியது. காகிதமெல்லாம் மரவேலி சுவரைத் தொடும் மூலையில் குவிந்தது. வேலி, தச்சரான அக்கா புருஷனின் கைவேலை.

"அத்தான், இது வேலியில்ல, திரி. அந்தக் கோடியில பத்தினா நேரா சமையலறைக்கு வந்துடும். சுவரை ஒட்டி அஞ்சு அடி எடுத்துட்டு இரும்பு கேட் போடுங்க."

"மூணு மாசம் இழைச்சது மச்சான். உன் குப்பைக் காகிதத்துக்காக அறுக்கணுமா?"

"வீடு எரிஞ்சா வேலியிலயா படுப்பீங்க?" என்றாள் அக்கா. மறுநாளே ரம்பச் சத்தம் கேட்டது.

பத்தாம் நாள் மலைப்பக்கம் புகை. எல்லோரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி கத்தியது. சல்லடை காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் பறந்தார். ஐந்து அடிக்கு வேலி இல்லை, இரும்பு கேட் இருந்தது. அறுத்த பலகைகள்? சமையலறைச் சன்னலுக்குக் கீழே, சுவரோடு சுவராக, அளவு பார்த்து அடுக்கித் தார்ப்பாயும் போர்த்தியிருந்தது.

"அத்தான்! விறகு அடுக்கி வச்சிருக்கீங்களே!"

"விறகா? நல்ல மரம்டா! தூக்கிப் போட மனசு வரல. காருல ஏத்திடலாம், பின் சீட்டு காலிதானே?"

"அங்க நான் உக்காரணும்," என்றாள் அக்கா.

மூன்று பேரும் இருமிக்கொண்டே பலகைகளை எதிரே இருந்த சரளைத் திடலில் கொட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

மூன்றாம் நாள் திரும்பினார்கள். திடலில் சாம்பல். வேலி இருந்த இடத்தில் கரிக்கோடு. அது கேட் வரை வந்து நின்றிருந்தது. வீடு அப்படியே இருந்தது. அக்கா கதவைத் திறந்து சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

அத்தான் சாம்பலைவிட்டு நகரவில்லை. "திரும்ப வேலி போடணும்."

"போடலாம். கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன்," என்றார் சல்லடை, தச்சரிடம்.